நீ திருத்தக் கொடுத்த ராஜினாமாக் கடிதம்

மஞ்சக்குப்பம், கடலூர்.
ஜூலை 6.

அன்பு மகள் கனிமொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, அந்த அளவில் நலமாகவே இருக்கிறோம். அங்கே பூனாவில் நீயும் நலம்தானே என்று அடுத்த வரி வர வேண்டும். நீ நலமாக இல்லை என்பது ஆறு மாதமாக எனக்குத் தெரியும் என்பதால் அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பாதி சொல்லும்போதே உன் குரலைக் கேட்டுப் பயந்து, அங்கே மழையா, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். காகிதத்தில் அது முடியாது, மாற்றினால் அடித்த இடம் தெரியும். இந்த உறைக்குள் இன்னொரு தாளும் இருக்கிறது. ஜனவரியில் உன் ராஜினாமாக் கடிதத்தை எழுதி, 'அப்பா, இங்கிலீஷ் சரியா இருக்குதா பாத்துக் குடுங்க, நீங்க பாத்துட்டா நான் குடுத்துடுவேன்' என்று அனுப்பினாயே, அதுதான். இதுநாள்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றே சொல்லிவந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டாள், துணி உலர்த்துவது இப்போது என் வேலை. காடாம்புலியூரிலிருந்து சின்னம்மாள் அத்தை இரண்டு பலாப்பழம் கொடுத்தனுப்பினாள், ஒன்று நல்ல பழம், ஒன்று உள்ளே கறுத்துவிட்டது. கொண்டுவந்தது தங்கராசு மாமா. பழத்தோடு பண்ருட்டியில் ஒரு வரனையும் கொண்டுவந்தார். 'மாமா, அவுங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், பொண்ணு வேலையில இருக்குதா? கல்யாணம் வரிக்கும் அந்த வேலைய பத்திரமா வெச்சிக்கச் சொல்லுங்க, அப்புறம் அவுங்க பாடு' என்றார். உன் அம்மா அடுப்படியிலிருந்தே, 'ஏண்டா தங்கராசு, அவுங்க பொண்ணப் பாக்க வராங்களா, ஆபீஸப் பாக்க வராங்களா? ஆபீஸ்தான் வேணும்னா பூனாவுக்குப் போயி அதுக்கே தாலி கட்டச் சொல்லு' என்றாள். தங்கராசு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் உன் கடிதத்தைத் தள்ளிப்போட எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்களில் கல்யாணம்வரை வேலை இருக்கட்டும் என்பதும் ஒன்று.

அடுத்த செய்தி, நான் கல்லூரி வேலையை விட்டுவிட்டேன். ஏப்ரலில் எழுதிக் கொடுத்து இந்த வாரம்தான் வெளியே வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. நான் விட்டேன் என்று தெரிந்தால் நீ உடனே விட்டுவிடுவாய் என்ற பயம் அப்போதும் எனக்கு இருந்தது. அரசு அலுவலகத்தில் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தவனைத் தங்கராசு மாமா சிதம்பரம் போகும் வழியில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் நிர்வாக அலுவலராகச் சேர்த்துவிட்டது உனக்குத் தெரியும். எட்டு வருடமாக அங்கே என்ன செய்தேன் என்பது தெரியாது, கேட்டால் ஃபைல் பார்க்கிறேன் என்பேன். சேருகிற ஆசிரியர்களிடம் பத்தாம் வகுப்பிலிருந்து கடைசிப் பட்டம் வரை அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். பாதி வருடத்தில் யாரும் விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக. அந்த பீரோவின் சாவி என்னிடம் இருந்தது. நான் போன புதிதில் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கலந்து கிடந்தது, நான்தான் ஒழுங்குபடுத்தினேன். ஆளுக்கொரு பழுப்பு உறை, உறைக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு பதிவேடு. விலகுகிறவர் மூன்று மாதம் முன்னதாக எழுதித் தர வேண்டும், ஏழு பிரிவுகளில் போய்ப் பாக்கி இல்லை என்று ஏழு கையெழுத்து வாங்க வேண்டும், அதற்குப் பிறகு தாளாளர் ஒப்புதல். அந்த நோ டியூஸ் படிவமும் நான் தயாரித்ததுதான். புதிதாக வருகிறவர்கள் தயங்கினால் நம்பிக்கை வரட்டும் என்று என் எம்.ஏ. பட்டத்தையே ஓர் உறையில் போட்டு ஒன்றாம் எண் கொடுத்து உள்ளே வைத்திருந்தேன். என்னுடையதே உள்ளேதான் இருக்கிறது, பாருங்கள் என்று திறந்து காட்டுவேன். அதைப் பார்த்துத்தான் பல பேர் கொடுத்தார்கள். இப்படிப் பிடித்து வைப்பது சட்டப்படி சரியில்லை என்று எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருடம் விதிகளோடு குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியாமல் இருக்குமா. ஆனால் பதிவேடு சுத்தமாக இருந்தால் செய்கிற காரியமும் சுத்தம் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

வேதியியல் துறையில் சுவேதா என்று ஒரு பெண். உன் வயதுதான், புவனகிரியிலிருந்து பஸ்ஸில் வரும். அவள் அப்பா ஆரோக்கியராஜ் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். மார்ச் மாதம் அவளுக்கு அரசுக் கல்லூரி வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் அசலோடு இருக்க வேண்டும். திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து, ஒரு நாளைக்கு மட்டும் கொடுங்கள், வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுவந்து உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டாள். தாளாளர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றேன். தாளாளர் வெளியூரில் இருந்தார், போன் செய்தேன். 'வுட்டுட்டுப் போறவளுக்கு நாமளே கதவத் தொறந்து வுடணுமா சார்? நான் வந்து பாத்துக்கறேன், நீங்க உங்க வேலையப் பாருங்க' என்று வைத்துவிட்டார். நானும் என் வேலையைப் பார்த்தேன்.

புதன்கிழமை மத்தியானம் ஆரோக்கியராஜே வந்தார். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்து அதற்குப் பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் கெஞ்சவில்லை. ரெக்சின் பையைத் திறந்து பென்ஷன் புத்தகம், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் மூன்றையும் என் மேசைமேல் வரிசையாக வைத்தார். 'சார், உங்குளுக்கு எதனா ஒண்ணப் புடிச்சி வெச்சிக்கணும், அவ்ளோதானே? இத்த வெச்சிக்குங்க. பாப்பா திரும்பி வர்ற வரிக்கும் நானும் இந்தப் பெஞ்சிலயே குந்தியிருக்கறேன், ஆளும் அடமானம்' என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, பழக்க தோஷத்தில் அந்தப் பத்திரம் அசலா நகலா என்று புரட்டிப் பார்த்தேன். அசல்தான். பார்த்துவிட்டு, இதையெல்லாம் வாங்கிக்கொள்ளப் பதிவேட்டில் கலம் இல்லை என்றேன். 'கலம் போட்டது யாரு சார்?' என்று கேட்டார். 'சாவி எங்க சார் இருக்குது?' என்றார். என் கை தானாகப் போய்ச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்றையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வரேன் சார் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

சுவேதா ஜெராக்ஸ் பிரதிகளோடு சென்னைக்குப் போய்ப் பார்த்தாள், அசல் இல்லாமல் நடக்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் இடம் பட்டியலில் அடுத்து நின்றவருக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று நாள் முழுவதும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைதான் வந்தாள், ராஜினாமாக் கடிதத்தோடு. கனிமொழி, இதை எழுதவே கூசுகிறது. அந்தக் கடிதத்தை முழுதும் படித்துவிட்டு, தேதி போடவில்லை, போட்டுக் கொடுங்கள் என்றேன். அதுதான் அன்று அவளுக்கு நான் சொன்ன ஒரே வார்த்தை. அவள் பேனாவை எடுத்துத் தேதி போட்டாள். 'வேற எதனா வுட்டுப் போச்சா சார்?' என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து நானும் எழுத ஆரம்பித்தேன். பதினொரு முறை எழுதிக் கிழித்தேன். முதல் பிரதியில் நடந்ததையெல்லாம் எழுதினேன், கடைசிப் பிரதியில் உடல்நிலை காரணமாக என்று மட்டும் இருந்தது. அதையும் ஒரு வாரம் பையில் வைத்துக்கொண்டு அலைந்து ஏப்ரல் இரண்டாம் தேதிதான் கொடுத்தேன். தாளாளர் வாசித்துவிட்டுச் சிரித்தார். 'இன்னா சார், வயசான காலத்துல ரோஷம் ஜாஸ்தியாப் பூட்சி? சரி, நோ டியூஸ் வாங்கினு வாங்க, நீங்க போட்ட ஃபாரம்தானே' என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. என் அறையிலிருந்தே ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு ஏழு பிரிவுக்கும் நடந்தேன். ஆய்வகத்தில் பொன்னுரங்கம், 'எட்டு வருஷத்துல இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல, இருந்தாலும் ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதுல்ல, பீக்கர் எதனா ஒடச்சிருக்கீங்களா சார்?' என்று கேட்டு எல்லா அலமாரியையும் மெதுவாகச் சரிபார்த்தார். விடுதிக் காப்பாளர் மாலதி, 'சார் எந்த ரூம்ல தங்கியிருந்தீங்க, பெட்ஷீட்ட எல்லாம் திருப்பிக் குடுத்துட்டீங்களா?' என்றாள். பக்கத்தில் நின்ற பெண் ஆசிரியர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் உறைகளும் அந்த பீரோவில்தான் இருக்கின்றன, சிரிக்கட்டும். நூலகத்தில் மட்டும் யாரும் கேலி செய்யவில்லை, நாளைக்கு வாங்க என்று மூன்று நாள் சொன்னார்கள். ஒன்பது நாளாயிற்று ஏழு கையெழுத்துக்கு. வெயிலில் அந்தக் கட்டடத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் நடக்கும்போது எத்தனை பேரை இப்படி நடக்கவிட்டேன் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

கடைசி நாளன்று பொறுப்பை ஒப்படைக்க பீரோவைத் திறந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. முப்பத்தேழாம் எண் உறையைக் கையில் எடுத்தேன், சுவேதாவுடையது. என் பைக்குள் வைத்தால் ஐந்து நிமிட வேலை, அடுத்த பஸ்ஸில் புவனகிரியில் கொடுத்துவிடலாம். என்னுடையதையும் எடுத்திருக்கலாம். வாசலில் தாளாளர் காரின் ஹாரன் கேட்டது. உறையை இருந்த இடத்திலேயே, எண் வரிசை கலையாமல் வைத்தேன். மொத்தம் ஐம்பத்திரண்டு உறைகள், சரியாக உள்ளன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். என் பட்டத்தைக் கேட்டதற்கு ஆகஸ்டில் வாருங்கள் என்றார்கள். அறுபத்தெட்டு வயதில் அதை வைத்துக்கொண்டு நான் எந்த வேலைக்கும் போகப்போவதில்லை, அதனால் அதை விடு. அந்தப் பெண்ணுக்கு இன்னும் கொடுக்கவில்லை. நேற்று முன்தினம் ஆரோக்கியராஜைப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்று புவனகிரிக்குப் போனேன். பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு டீ குடித்து, அவர் தெரு எது என்று கடைக்காரரிடம் விசாரித்தும் விட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

நேற்று அம்மா கேஸ் புத்தகத்தைத் தேடும்போது என் அலமாரியில் ஒரு பழுப்பு உறை கிடைத்திருக்கிறது. மேலே ஓர் எண் போட்டிருந்தது. கையில் எடுத்துக்கொண்டு வந்து, 'இது எந்தப் புள்ளையோடதுங்க, இத்த வேற ஊட்டுக்குக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க?' என்றாள். நம் பாப்பாவுடையது என்றேன். பிரித்துப் பார்த்தாள், இங்கிலீஷ் அவளுக்குப் படிக்க வராது, ஆனால் கீழே உன் பெயர் இருப்பது தெரிந்தது. என்னவென்று சொன்னேன், எவ்வளவு நாளாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. 'அந்தக் காலேஜ்காரன் ஊரான் புள்ளைங்களுத பூட்டி வெச்சான். நீங்க பெத்த புள்ளையோடதப் பூட்டி வெச்சிருக்கீங்க. அவனாவது அது தேடி வந்தா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான்' என்றாள். அதோடு சரி, அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் வைக்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே பிரிண்ட் எடுத்துப் படித்துவிட்டேன். ஒரு பிழை இல்லை. இருந்தால் நன்றாக இருக்குமே என்று மூன்று தடவை படித்தேன். பதினொரு வரிதான், யாரையும் குறை சொல்லவில்லை, எந்தத் தேதியோடு விலகுகிறாய் என்று தெளிவாக எழுதியிருக்கிறாய், செய்துகொண்டிருக்கும் வேலையை யாரிடம் ஒப்படைப்பாய் என்றும் சொல்லியிருக்கிறாய். என் முப்பத்தாறு வருடச் சர்வீசில் இவ்வளவு கச்சிதமான ராஜினாமாவை நான் பார்த்ததில்லை. சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் மறுநாள் நீ கொடுத்திருப்பாய், அதனால்தான் சொல்லவில்லை. பிப்ரவரியில் நீ, காரை நிறுத்திவிட்டு உள்ளே போக மனம் வராமல் இருபது நிமிடம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாய். உன் மேலாளர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் உன் வேலையைத் திரையில் போட்டு, இதைச் செய்த புத்திசாலி எழுந்து நிற்கட்டும் என்கிறார் என்றாய். தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது என்றாய். அதற்கெல்லாம் நான் பொறுமையின் பயன்கள் என்று இரண்டு பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினேன். அதைக் கிழித்துப் போட்டுவிடு.

இனி நீ செய்ய வேண்டியது, கடிதத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாதே, ஜனவரித் தேதியையும் விலகும் தேதியையும் மட்டும் மாற்றிக்கொள். கொடுப்பதற்கு முன் உன் சம்பளச் சீட்டு, வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஆணை, வேலை மதிப்பீட்டுக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பிரதி வீட்டில் இருக்கிறதா பார். அச்சிட்டும் கொடு, மின்னஞ்சலிலும் அனுப்பு, பெற்றுக்கொண்டோம் என்று பதில் வாங்கு. சக ஊழியர்களிடம் முன்கூட்டிச் சொல்லாதே. ஏன் போகிறாய் என்று உட்காரவைத்துக் கேட்பார்கள், அப்போது அந்த ஆளின் பெயரை எடுக்காதே, எடுக்கத் தோன்றினால் தண்ணீர் குடி. இருக்கிற நாட்களில் வேலையில் குறை வைக்காதே, அது அவர்களுக்காக இல்லை, பிறகு யாரும் உன்மேல் ஒரு குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது. இதெல்லாம் சரிதானா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது, விதி எழுதுகிற கையின் லட்சணத்தை மேலே படித்துவிட்டாய். சரியென்று படுவதை மட்டும் எடுத்துக்கொள். அடுத்த வேலை கிடைக்கும்வரை இங்கே வந்து இரு. பண்ருட்டிக்காரர்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், எப்படிச் சொல்வேன் என்று இன்னும் யோசிக்கவில்லை.

உனக்கு மன அமைதியும், அப்பனைப்போல் இல்லாத ஒரு நெஞ்சும் கிடைக்கட்டும் என்று உன் அம்மா கும்பிடுகிற சாமிகளை நானும் வேண்டிக்கொள்கிறேன். உன் அம்மா ஆசீர்வாதம் சொன்னதாக எழுத முடியவில்லை, அவள் பேசினால் அதைத்தான் சொல்வாள்.

ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடு, கொடுத்த பிறகு எனக்குப் போன் செய். அதற்கு முன்னால் கூப்பிடாதே, கொடுக்கட்டுமா என்று கேட்காதே. நீ கேட்டால் இவ்வளவு எழுதியதற்குப் பிறகும் நான் பயந்துபோய், இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாமே என்றுதான் சொல்வேன்.

உன் அப்பா,
மு. கொளஞ்சியப்பன்